அத்தை தோளில் வந்த மண்வெட்டி

என் வயதுக்காரர்களே, உங்களுக்கும் இப்படித்தானா என்று தெரியவில்லை. டாக்டர் என்னை உட்காரச் சொல்கிறார். மகனும் உட்காரச் சொல்கிறான். மருமகள் நாற்காலியை ஃபேனுக்குக் கீழே நகர்த்திப் போடுகிறாள். உட்கார்ந்தால் கால் துறுதுறுக்கிறது, கை எதையாவது தேடுகிறது. முழங்கால் தேய்ந்துவிட்டதாம். தேய்ந்தது முழங்கால்தானே, நான் இல்லையே?

போன மாதம் எங்கள் வேங்கிக்கால் வீட்டின் பின்பக்கம் ஒரு கறிவேப்பிலைக் கன்று நட ஆசைப்பட்டேன். மகன் போனிலேயே ஒரு மண்வெட்டிக்கு ஆர்டர் போட்டான். அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியது. பச்சைப் பெயிண்ட், வார்னிஷ் அடித்த காம்பு, பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது. கல் மாதிரி இறுகிய சுக்கான் மண்ணில் நாலு போடு போட்டதும் மண்வெட்டியின் இரும்பு இலை முன்பக்கமாக மடங்கிக்கொண்டது. மகன் சிரித்தான். "உடும்மா, ஜேசிபிக்காரன் ஒருத்தன் தெரியும், சொல்லி உடறேன்" என்றான். ஒரு கறிவேப்பிலைக் கன்றுக்கு ஜேசிபி!

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்து டவுனுக்குப் போனேன். தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் இரும்புப் பட்டறை. கல்லாவில் ஒரு பெண், உள்ளே அவள் புருஷன். கரண்டில் ஓடும் துருத்தி, பழைய லாரிப் பட்டைகள், மூலையில் அடுக்கிவைத்த மண்வெட்டி இலைகள். நான் ஒவ்வொன்றாக எடுத்து விரல் முட்டியால் தட்டினேன். நல்ல இரும்பு மணி மாதிரிப் பேசும். விரிசல் விட்டது தகரம் மாதிரி முனகும். இலை நடுவில் தடித்து ஓரத்துக்குப் போகப்போக மெலிகிறதா, காம்பு நுழையும் வளையம் உருண்டையாக இருக்கிறதா, காம்பைச் செருகித் தரையில் வைத்தால் இலை எவ்வளவு சாய்கிறது, எல்லாம் பார்த்தேன். சாய்வு அதிகமானால் நம் காலை வெட்டும். குறைந்தால் மண்ணைக் கீறிவிட்டுப் போகும்.

"யாருக்கும்மா?" என்றாள் அந்தப் பெண்.

"எனக்குத்தான்."

என் முழங்காலை ஒரு பார்வை பார்த்தாள். சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சின்ன இலையாக ஒன்று கொண்டுவந்தாள். "இத புடிச்சிப் பாருங்க. வெயிட்டு கம்மி, ஆனா ஏமாத்தாது."

ஏமாற்றவில்லை. கன்று இப்போது துளிர் விட்டிருக்கிறது. நல்ல மண்வெட்டி இன்றும் அடிக்கிறார்கள். எல்லாம் போச்சு, எல்லாம் போச்சு என்று புலம்புகிறவர்களுக்குத் தேடிப் போகக் கால் வணங்கவில்லை, அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. மண்வெட்டியை ஆட்டோவின் பின்பக்கம் வைத்துக்கொண்டு வரும் வழியெல்லாம் என் அத்தை கண் முன்னாலேயே நடந்தாள். அதைச் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது.

அத்தை என்றால் அப்பாவுக்கு அக்கா. செங்கம் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பிள்ளை இல்லை. பொங்கலுக்கு எப்போதாவது வருவாள், முறுக்கு கொண்டுவருவாள், மறுநாள் பஸ் ஏறிவிடுவாள். அந்தக் கோடையில் அவள் வந்தது வேறு மாதிரி.

அப்போது எங்கள் வீடு அடி அண்ணாமலையில். நான் தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்பு முடித்திருந்தேன். லீவு நாள். கிரிவலப் பாதையில் இப்போது போல விளக்கும் நடைபாதையும் கிடையாது. பௌர்ணமிக்கே கூட்டம் கம்மி. மத்தியான வெயிலில் அந்தப் பாதையில் நாய்கூட நடக்காது. நாங்கள் பிள்ளைகள் புளியமரத்தடியில் கொட்டாங்கச்சி வைத்து விளையாடிக்கொண்டிருந்தோம். தூரத்தில் ஒரு பொம்பளை வந்தாள். தோளில் மண்வெட்டி, காம்பு நுனியில் ஒரு துணிமூட்டை. கூலிக்கு வந்தவள் என்று நினைத்தோம். கிட்டே வந்த பிறகுதான் எனக்கு முகம் தெரிந்தது.

"அப்பா வூட்ல கீறாரா பாப்பா?"

"கீறாரு அத்த."

அவ்வளவுதான் பேச்சு. பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்த வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள். ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. பிள்ளைகள் எல்லோரும் ஊர்வலம் மாதிரி பின்னாலேயே வந்தார்கள்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றுக் கையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாக்கா, சொல்லாம கொள்ளாம வந்துட்ட? மாமா வரலியா?"

"வரல."

"எப்பப் போவணும்?"

"போவ மாட்டேன்டா தம்பி."

அப்பா கையை உதறிவிட்டு எழுந்து வெளியே போனார். அம்மா ஒன்றும் கேட்காமல் சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அத்தை முதலில் மண்வெட்டியைச் சுவர் நிழலில், இலை தரையில் இடிபடாமல் சாய்த்து வைத்தாள். பிறகுதான் தண்ணீரை வாங்கினாள்.

ஊருக்கு அன்று சாயந்திரமே விஷயம் தெரிந்துவிட்டது. புருஷனை விட்டுவந்தவளுக்கு ஊர் வைத்திருக்கும் பெயர் உங்களுக்குத் தெரியும். "வாழாவெட்டிக்கு மண்வெட்டி சீதனமாம்" என்று கிணற்றடியில் ஒருத்தி சொல்லி, எல்லோரும் சிரித்தார்கள். ஓசை நன்றாக அமைந்துவிட்டதால் அந்தப் பேச்சு ஊரைச் சுற்றி வந்தது. அண்டா, குண்டான் எல்லாவற்றையும் அங்கேயே பிடுங்கிக்கொண்டு அவமானப்படுத்த இதைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றார்கள் சிலர். அவளே திருடிக்கொண்டு வந்துவிட்டாள் என்றார்கள் சிலர். அவளிடம் கேட்கலாம் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. இன்று நினைத்தால் அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த மண்வெட்டியைப் பற்றி நான் சொல்ல வேண்டும். அப்பாவுடைய மண்வெட்டி கடையில் வாங்கியது. அகலமான இலை, மார்பு வரை நிற்கும் காம்பு. காம்பை இறுக்கும் ஆப்பு அடிக்கடி கழன்றுவிடும். ஒவ்வொரு நாளும் வேலையைத் தொடங்குமுன் அதைக் கல்லில் குத்திக் குத்தி இறுக்குவார். அத்தையுடையது அதைவிடக் குட்டை. இலை ஒடுக்கம், அடிப்பக்கம் லேசாக உள்வாங்கி உள்ளங்கையைக் குவித்த மாதிரி இருக்கும். காம்பு துரிஞ்சல் மரம். பிடித்துப் பிடித்து இரண்டு இடங்களில் குழிந்து, வழவழவென்று தேன் நிறத்தில் மின்னும். நான் யாரும் பார்க்காதபோது அந்தக் குழியில் என் கையை வைத்துப் பார்ப்பேன். என் கைக்கு அது பெரிய இடம். வெயிலில் கிடந்தாலும் காம்பு சுடாது.

வந்த மறுநாள் விடியும்போதே அத்தை கொல்லைக்குப் போய்விட்டாள். எங்களுக்குக் கொஞ்சம் மல்லாட்டை நிலம், வேர்க்கடலைதான், அதை ஒட்டி அம்மாவின் கனகாம்பரத் தோட்டம். பூ பறித்து டவுனுக்குக் கொண்டுபோய்க் கோயில் வாசலில் கட்டுகிறவர்களுக்குக் கொடுப்பது அம்மாவின் வேலை. நானும் அம்மாவும் போனபோது பாதிப் பாத்திக்கு வரப்பு போட்டு முடித்திருந்தாள். ஓங்கி வெட்டமாட்டாள். இடுப்புக்கு மேலே மண்வெட்டி எழாது. சர்க் என்று இறங்கும், மண்ணை அள்ளும், மணிக்கட்டை ஒரு திருப்பு திருப்பினால் வரப்பின் மேல் போய் உட்காரும். அந்த இலையில் ஈர மண்கூட ஒட்டாது. வரப்பைப் பின்பக்கத்தால் ஒரு தட்டு. மீதியும் முடிந்ததும் அம்மா வாய்க்கால் மடையைத் திறந்தாள். தண்ணீர் ஒரு பாத்தி விடாமல் சரிமட்டமாகப் போய் நின்றது. எத்தனையோ வருஷமாகக் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் ஏறாது. அம்மா குடத்தில் தூக்கித்தான் ஊற்றுவாள்.

"அண்ணி, ஏறிடுச்சி பாருங்க!" என்று அம்மா கத்தினாள். அம்மா அப்படிக் குதூகலமாகக் கத்தி நான் கேட்டதில்லை.

வேலை முடிந்ததும் அத்தை மண்வெட்டியைக் கழுவித் துடைத்து, வேப்பெண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுத்து வைப்பாள். பிறகுதான் தன் கை காலைக் கழுவுவாள். இருட்டும்வரை அவளுக்கு நிலைகொள்ளாது. உட்கார்ந்திருக்கும்போதும் கட்டைவிரல் மற்ற விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

பத்துப் பதினைந்து நாள் அப்படிப் போயிருக்கும். டீக்கடையில் யாரோ அப்பாவிடம், "இன்னாப்பா, கூலி மிச்சமா? அக்காள மம்மட்டி புடிக்க உட்டுட்ட" என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா வீட்டுக்கு வந்த வேகத்தில் வாசலில் இருந்த கோழிகள் சிதறின.

"நாளைலேர்ந்து நீ மண்ணு வெட்டக் கூடாது."

"ஏன்டா?"

"ஊர்ல எவன் எவனோ பேசறான். வாழ வழியில்லாம வந்தவள வேல வாங்கறேன்னு."

"நான் குந்திக்கினு துன்னா மட்டும் ஊரு வாய மூடிக்குமா?"

"களை எடு, பூ பறி, எதுனா செய். மம்மட்டி மட்டும் வாணாம். அது ஆம்பள வேல."

மறுநாள் காலையில் சுவரோரம் மண்வெட்டி இல்லை. அத்தை மாட்டுத்தொட்டிக்குப் பின்னால் பார்த்தாள், வேலியோரம் பார்த்தாள், அரிசிப் பானைக்குப் பின்னால்கூடப் பார்த்தாள். அப்பாவிடம் கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பது அந்த வீம்பிலேயே தெரியும்.

களை வெட்டினால் மானம் போகாது, மண் வெட்டினால் போகும் என்பது என்ன கணக்கோ, எனக்கு இன்றும் விளங்கவில்லை. அத்தை களை கொத்தும் சின்னக் களைக்கொட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு நாளெல்லாம் குந்தியபடி தோட்டத்தைக் கொத்தினாள். களை இல்லாத இடத்தையும் கொத்தினாள். வீட்டுக்கு வந்தால் பெருக்கிய வாசலை மறுபடி பெருக்குவாள். கல் பொறுக்கிய அரிசியில் மறுபடி கல் பொறுக்குவாள். ஒருநாள் அம்மாவிடம் சொன்னாள். "வேலயப் புடுங்கிட்டான். இப்ப கைய இன்னா பண்றதுன்னு தெரியல."

அந்தக் கோடையும் அவளைப் போலவே இருந்தது. காற்று நின்ற இடத்தில் நிற்காது. மலையிலிருந்து இறங்கும், புழுதியைச் சுழற்றும், மழை வருகிற மாதிரி மேகத்தைக் கொண்டுவரும், அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விடும். கிணற்றில் பாறை தெரிந்தது. கனகாம்பரம் தலையைத் தொங்கப்போட்டது. பசுவுக்குத் தண்ணீர் காட்ட அம்மாவும் நானும் ஒரு மைல் நடந்தோம். அப்பா ராத்திரியில் தூங்காமல் புரண்டார்.

எங்கள் கொல்லையின் கடைசியில், மலையிலிருந்து வரும் ஓடையை ஒட்டி ஒரு துண்டு நிலம் கிடந்தது. கல்லும் மணலும். அங்கே ஊற்று தோண்டலாம் என்று பேச்சு வந்தது.

"எங்க தோண்டறது?" என்று அப்பா பொதுவாகக் கேட்டார். அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நாணல் பச்சையா நிக்கிற எடத்துல தோண்டச் சொல்லு" என்று அத்தையும் அம்மாவைப் பார்த்தே சொன்னாள்.

அப்பா அங்கேதான் தோண்டினார். ஓடையோரமாக, ஒரு ஆள் இறங்கி நிற்கும் அகலம்தான். அம்மா மேலே நின்று கூடையில் மண்ணை இழுத்து, அந்த ஓரத்திலேயே கொட்டினாள். தள்ளிக் கொட்டத் தெம்பில்லை. அத்தை அந்தப் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு. அவள் தோட்டத்தில் குந்திக்கொண்டு, அப்பாவின் மண்வெட்டி விழும் ஓசையையே கேட்டுக்கொண்டிருந்தாள். "காம்பு ஆடுது. ஆப்பு வெக்காமயே வெட்டறான்" என்று தனக்குள் முணுமுணுத்தாள்.

மூன்றாம் நாள் அப்பாவின் தலை தெரியவில்லை. கூடை மட்டும் மேலே வந்தது. மண்ணில் ஈரம் தெரிகிறது என்று சொன்னார். நான் ஓரத்துக்குப் போகாமல் நாணல் பக்கம் நின்றிருந்தேன். பெரிய மூட்டை ஒன்றைத் தரையில் இறக்கிவைத்த மாதிரி ஒரு ஓசை கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. அம்மா பின்பக்கமாக விழுந்தாள். குவித்திருந்த மண்மேடு இருந்த இடத்தில் இல்லை. புழுதி எழுந்தது.

அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்துக் கொல்லைக்காரர் ஓடிவந்தார். அத்தை அவருக்கு முன்னால் வந்துவிட்டாள். குழிக்குள் பார்த்தால், அப்பாவின் தலையும் ஒரு கையும் மட்டும் தெரிந்தது. மார்புக்கு மேல் வரை மண். கண் திறந்திருந்தது. பேச வாயைத் திறந்தார், மூச்சுதான் வந்தது.

பக்கத்துக் கொல்லைக்காரர் தன் மண்வெட்டியோடு இறங்கினார். நீளக் காம்பு. ஒருமுறை ஓங்கியதும் காம்பின் நுனி குழியின் சுவரில் இடித்து, அங்கிருந்தும் மண் சரிந்தது. அம்மா அலறினாள்.

"மேல வாங்க! மொதல்ல மேல வாங்க!" என்றாள் அத்தை. அவர் ஏறிவந்து, "கயிறு கட்டி இழுத்துடலாம்" என்றார்.

"இழுத்தா இடுப்பு போயிடும். உள்ள அவனோட மம்மட்டியும் சேந்து பொதஞ்சிருக்கு, கால எங்க மாட்டிக்கினு இருக்கோ. நீங்க அந்தக் கரையில மிச்ச மண்ண எல்லாம் தூரத் தள்ளுங்க. வண்டிப் பலகை இருந்தா எடுத்தாந்து சொவுத்துக்கு முட்டுக் குடுங்க."

சொல்லிக்கொண்டே களைக்கொட்டோடு உள்ளே இறங்கினாள். அப்பாவின் கழுத்தையும் மார்பையும் சுற்றிக் கொத்திக் கொத்திக் கையால் அள்ளி எறிந்தாள். அப்பாவுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. ஆனால் அவள் ஒரு பிடி எடுத்தால் மேலிருந்து இரண்டு பிடி உதிர்ந்தது. களைக்கொட்டு அந்த வேலைக்குப் போதாது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தெரிந்தது.

அத்தை நிமிர்ந்தாள். அவள் முகமும் அப்பாவின் முகமும் ஒரு சாண் தூரத்தில்.

"என் மம்மட்டி எங்கடா?"

அப்பா பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"டேய். எங்க வெச்ச?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மார்பு வரை மண்ணில் நிற்கிறார், அப்போதும் அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. வெட்கம் அப்படிப்பட்டது, என் வயதுக்காரர்களே. உயிருக்கும் பிறகுதான் அது போகும்.

அம்மா குழியின் ஓரத்தில் மண்டிபோட்டாள். அப்பாவை அதுவரை 'ஏங்க' என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லிக் கூப்பிடாதவள். "யோவ்! சொல்லித் தொலய்யா! நீ செத்துட்டா ஊரா வந்து எனக்குச் சோறு போடும்?"

அப்பா கண்ணைத் திறந்தார். "மாட்டுக் கொட்டாய்… கூரையில… சொருவி இருக்கு."

நான் ஓடினேன். எப்படி ஓடினேன் என்று கேட்டால் தெரியாது. மல்லாட்டைக் கொல்லையில் குறுக்கே, காலில் என்ன குத்தியது என்று பார்க்காமல் ஓடினேன். கொட்டகையில் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஏறி, கூரை ஓலைக்குள் கையைவிட்டுத் துழாவினேன். பசு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டியது. கையில் முதலில் பட்டது அந்த வழவழப்பான குழிதான். இழுத்தேன். ஓலையும் தூசியும் சேர்ந்து மேலே விழுந்தன. ஒரு கிழிந்த கோணியில் சுற்றி, இலைக்கு எண்ணெய் பூசி வைத்திருந்தார் அப்பா. ஒளித்தவர் துருப்பிடிக்க விடவில்லை. அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

தோளில் வைத்துக்கொண்டு திரும்பி ஓடினேன். அத்தை கையை மட்டும் மேலே நீட்டினாள்.

அந்தக் குழிக்கென்றே அடித்த மாதிரி இருந்தது அந்த மண்வெட்டி. குட்டைக் காம்பு சுவரில் இடிக்கவில்லை. ஒடுங்கிய இலை அப்பாவின் தோளுக்கும் கரைக்கும் நடுவில் இறங்கியது. ஒவ்வொரு வெட்டுக்கும் இலை நிறைய மண் வந்தது, சிந்தவில்லை. மணிக்கட்டைத் திருப்பினால் மண் அவள் தலைக்கு மேல் பறந்து அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் விழுந்தது. பக்கத்துக் கொல்லைக்காரர் வண்டிப் பலகையைச் செருகி, முதுகைக் கொடுத்து முட்டுக்கொடுத்தார். நான் கூடையை இழுத்தேன்.

ஒரு தடவை பலகைக்குப் பக்கவாட்டில் மறுபடி சரிந்தது. அத்தையின் முழங்கால் வரை மூடியது. அவள் அப்பாவைச் சுற்றி வெட்டுவதை நிறுத்தித் தன் காலைச் சுற்றி வெட்டி எடுத்தாள், மறுபடி அப்பாவிடம் போனாள். இடுப்புக்குக் கீழே போனதும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையாலும் களைக்கொட்டாலும் தோண்டினாள். அவள் சொன்ன மாதிரியே அப்பாவின் கால்களுக்குக் குறுக்கே அவருடைய மண்வெட்டிக் காம்பு மாட்டிக்கொண்டிருந்தது. இலை எப்போதோ கழன்று போயிருந்தது.

பொழுது மலைக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் அப்பாவை மேலே தூக்கினார்கள். ஒரு கால் திரும்பிக் கிடந்தது. "அக்கா, தண்ணி" என்றார். எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அத்தை மட்டும் தள்ளி உட்கார்ந்தாள். முந்தானையால் மண்வெட்டியைத் துடைத்தாள். இலையின் ஒரு மூலை கல்லில் பட்டுத் தெறித்திருந்தது. அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். கூடிய கூட்டத்தில் ஒருத்தி, "கூடப் பொறந்தவன் கெடக்கறான், இவ மம்மட்டியப் பாக்கறா பாரு" என்றாள். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். அந்தக் கைக்கு அப்போது ஒரு வேலை வேண்டியிருந்தது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு நரை விழ வேண்டியிருந்தது.

ராத்திரி வண்டிகட்டி டவுன் ஆஸ்பத்திரிக்கு அப்பாவைக் கொண்டுபோனார்கள். போகுமுன் அத்தை அம்மாவின் காதில் சொன்னாள். "நான்தான் நாணல் பக்கம் தோண்டச் சொன்னேன். அவனுக்கு எதுனா ஆயிருந்தா…" அம்மா அவள் வாயைக் கையால் மூடினாள்.

அந்தக் குழியில் தண்ணீர் வரவில்லை. ஈரம் தெரிந்தது, அவ்வளவுதான். கனகாம்பரத்தில் பாதி காய்ந்துவிட்டது. பசுவை அம்மாவின் பிறந்த வீட்டுக்கு ஓட்டிவிட்டோம். மழை வந்தபோது அப்பா கட்டுப்போட்ட காலோடு கட்டிலில் கிடந்தார். ஏர் ஓட்ட ஆள் வந்தான், மற்ற மண்வேலை எல்லாம் அத்தைதான். யாரும் தடுக்கவில்லை. ஊர் பேசியதா என்றால் பேசத்தான் பேசியது. கட்டிலில் கிடக்கிறவரின் காதில் அது விழவில்லையோ, விழுந்தும் ஒன்றும் செய்யவில்லையோ.

அப்பா கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கிய ஒருநாள், அத்தை வெளியே கிளம்பிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார்.

"அக்கா. உனக்கு இன்னா வேணும்னு கேளு."

அத்தை நின்றாள். யோசிக்கக்கூட இல்லை. பல நாளாகத் தயாராக வைத்திருந்த மாதிரி வந்தது பதில்.

"அந்தக் குழி இருக்கற துண்ட எனக்குக் குடு."

"அதுல இன்னாக்கா கீது? கல்லும் மணலும்."

"உன்னயே முழுங்கப் பாத்த மண்ணு. அத நான் பாத்துக்கறேன்."

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, சண்டைக்கு வந்தார். கட்டிக்கொடுத்து அனுப்பிய பெண்ணுக்கு நிலமா, ஊரில் எவன் வீட்டில் நடந்திருக்கிறது என்றார். அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு அத்தையோடு பஸ் ஏறி, ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய் அவள் பெயருக்கு எழுதிவைத்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் சித்தப்பா எங்கள் வீட்டில் சாப்பிட வெகுகாலம் ஆயிற்று.

அத்தை கல்லைப் பொறுக்கி ஓடையோரம் கரை போட்டாள். ஏரி வண்டல் தூக்கிவந்து கொட்டினாள். குழியைத் தூர்த்துவிடவில்லை, அகலமாக வெட்டி எருக்குழி ஆக்கினாள். ரெண்டு வருஷத்தில் அங்கே சாமந்தி பூத்தது.

நான் பெரியவளாகி, பேசத் தைரியம் வந்த பிறகு ஒருநாள் கேட்டேன். "ஏன் அத்த, அங்கேர்ந்து வரப்ப மம்மட்டிய மட்டும் எடுத்தாந்த?"

அவள் சாமந்தி நாற்றை ஊன்றிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "மத்ததெல்லாம் அவங்க வூட்ல குடுத்தது, இல்ல உங்க தாத்தா போட்டது. இது ஒண்ணுதான் என் கூலியில, என் ஒசரத்துக்கு, நான் சொல்லி அடிச்சது."

"ஏன் வந்துட்ட?"

"அங்க வெட்றதுக்கு மண்ணு இருந்தது பாப்பா. நிக்கறதுக்கு எடம் இல்ல."

அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. இப்போது எத்தனையோ கேள்விகள் வருகின்றன. அவள் இல்லை. அப்பாவும் இல்லை. அந்த மண்வெட்டி எந்தக் கையில் எங்கே இருக்கிறதோ, அதுவும் தெரியாது. இதையெல்லாம் நினைத்தால் எழுந்து நடக்க வேண்டும்போல இருக்கிறது. எழுந்து நடக்கிறேன். மருமகள் திட்டுகிறாள்.

அப்பாவுக்கு அந்தக் கால் கடைசிவரை சரியாகவில்லை. கிரிவலக் கூட்டம் பெருக ஆரம்பித்த காலம். பௌர்ணமி சாயந்திரங்களில் அப்பா, கிரிவலப் பாதையை ஒட்டிய அத்தையின் நிலத்து வேலியோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் கல்யாணமாகி முதல் குழந்தையோடு வந்திருந்தபோது ஒரு சாயந்திரம் அவர் பக்கத்தில் நின்றிருந்தேன். தோட்டம் முழுக்க மஞ்சளாகப் பூத்திருந்தது. வெளியூர்க்காரர்கள், குடும்பத்தோடு நடந்து வந்தவர்கள், நின்று பார்த்தார்கள். அவர்களில் பெரியவர் ஒருவர் அப்பாவிடம் கேட்டார்.

"தோட்டம் ரொம்ப நல்லா இருக்குங்க. உங்களுதுங்களா?"

அப்பா கம்பை ஊன்றிச் சிரமப்பட்டு எழுந்தார். உட்கார்ந்துகொண்டே சொல்லியிருக்கலாம். எழுந்து நின்றுதான் சொன்னார்.

"இல்லைங்க. அதோ மண்ணு வெட்றாங்களே, அவங்களுது. நான் அவங்க தம்பி."